சமஸ்தானத்துச் சந்தாதாரன்

மாதச் சந்தா என்னும் அற்பக் காணிக்கையை மட்டும் ஏற்றுக்கொண்டு, உலகத்துச் சினிமா அத்தனையையும் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கும் வள்ளல் ஒருவர் இருக்கிறார் என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். பாவி, நம்பவில்லை. 68 வயது வரை தியேட்டர் தியேட்டராக அலைந்தும், ஃபிலிம் சொசைட்டி மொட்டை மாடியில் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரின் கடகடப்புக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் முதுகை ஒடித்துக்கொண்டும், சினிமா பார்ப்பதென்றால் இதுதான் என்று அறியாமையில் உழன்றவன் நான். சென்ற மாதம் பேத்திதான் மனமிரங்கி, அந்த ஓடிடி சமஸ்தானத்தின் திருவாசலில் என்னை நிறுத்தினாள். "கார்டு நம்பர் சொல்லுங்க தாத்தா" என்றாள். சொன்னேன். கதவு திறந்தது. அதன்பின் கண்ட வைபவத்தை எல்லாம் விரித்துரைக்க ஆயிரம் நாவுடைய ஆதிசேஷனே தடுமாறுவான். ஒற்றை நாக்குக்காரன் ஏதோ என்னால் ஆனதைச் சொல்கிறேன்.

முதலில் அதன் உபசாரம். "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டது. ஐம்பது வருஷத்தில் எந்தத் தியேட்டர்காரர் என்னை இப்படிக் கேட்டார்? டிக்கெட் கிழிப்பவர் என் கையை மட்டுமே அறிவார். சமஸ்தானமோ பெயர் கேட்டதோடு நில்லாமல், என் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற முகம் ஒன்றையும் அருளியது: மூக்குக் கண்ணாடி போட்ட பாண்டாக் கரடி. அது முதல் அவ்விடத்தில் நான் பாண்டாவாகவே அறியப்படுகிறேன். அடுத்து, பிடித்த படங்கள் மூன்றைத் தொடச் சொன்னது. காட்டியவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அரசவையில் வாளாவிருப்பது மரியாதை அல்லவே என்று குத்துமதிப்பாக மூன்றைத் தொட்டேன். ஒன்றில் கோடரி இருந்தது, ஒன்றில் நாய், ஒன்றில் கல்யாணம். ஆஹா, அந்த மூன்று தொடுகையில் என்னை எப்படிப் படித்துவிட்டது! அன்று தொட்டு இன்று வரை கோடரிக்கோ நாய்க்கோ கல்யாணத்துக்கோ ஒரு நாளும் குறைவில்லை. அவை ஒவ்வொன்றின் கீழும் "98 சதவீதம் பொருத்தம்" என்று பொன்னெழுத்து. ஜோசியர் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்த என் சொந்த ஜாதகத்துக்கே பத்துக்கு ஏழுதான் தேறியது. அந்த ஏழை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம் என்பது வேறு விஷயம்.

அன்றிரவு 'உதிரிப்பூக்கள்' பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். ரிமோட்டின் அம்புக்குறியால் எழுத்து எழுத்தாகப் பொறுக்கி அடித்ததில் கால் மணி நேரம் கரைந்தது. பொறுமை என்னும் நற்குணத்தைச் சந்தாதாரனிடம் வளர்ப்பதற்கென்றே அந்த எழுத்துப்பலகையை வடிவமைத்திருக்கிறார்கள். 'உதிரி' வரை அடித்ததும் சமஸ்தானம் என் உள்ளக்கிடக்கையை ஊகித்து, பூ அலங்காரப் போட்டி ஒன்றின் நான்கு சீசன்களையும், பூந்தோட்டத்தில் பிணம் கிடக்கும் தொடர் ஒன்றையும் முன்வைத்தது. இல்லாத ஒன்றை 'இல்லை' என்று சொல்லி இரப்பவன் மனத்தை நோகடிப்பது வள்ளல்களின் வழக்கமல்ல. சங்க காலத்தில் பாணன் கேட்டது சோறு, கிடைத்தது யானை என்று படித்திருக்கிறோம். எனக்கு யானைகளே வந்துகொண்டிருந்தன. சோறு மட்டும் வர இரண்டு நாள் ஆயிற்று.

இடையில் 'அந்த நாள்' தானாகவே கண்ணில் பட்டது. ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் எடுத்த படம். 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் ஒரு கொலை. கொன்றது யார் என்று ஒவ்வொருவர் வாயாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில்தான் முடிச்சு அவிழும். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமஸ்தானத்துப் பண்டிதர்கள் அதை 'பாடலும் நடனமும்' என்ற வரிசையில் அமர்த்தியிருந்தார்கள். இல்லாத பாட்டைக் கேட்கும் செவி எல்லோருக்கும் வாய்க்குமா? அதனினும் மேலான உதவி கதைச்சுருக்கத்தில் இருந்தது. கொலையாளி யார் என்பதை இரண்டே வரியில், படத்தைத் தொடும் முன்பே தெரிவித்துவிட்டார்கள். பாலசந்தர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மூடி வைத்து வதைத்த ரகசியம்! ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டில் இருப்பார்களே என்ற கரிசனம் அந்தக் காலத்து டைரக்டர்களுக்கு ஏது?

படம் ஓடத் தொடங்கியதும் இன்னொரு திருத்தத்தைக் கண்டு சிலிர்த்தேன். அக்காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். இக்காலத்து டிவியோ அகலம். அப்படியே போட்டால் இரு பக்கமும் கறுப்பாக நிற்கும்; கொடுத்த காசுக்குக் கறுப்பா என்று குடிமக்கள் முகம் வாடுவார்கள். ஆகவே மேலேயும் கீழேயும் கத்தரித்துச் சட்டத்தில் ஏறத்தாழக் கால் பங்கை நீக்கித் திரையை நிறைத்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் தலைக்கு மேலே எதற்கோ நிழல் போட்டு வைத்திருந்தார். தலையே போனபின் நிழல் யாருக்கு? சிவாஜி கணேசனின் நெற்றி சற்றுப் பெரிது என்று எழுபது வருஷமாக எவருக்கும் தோன்றவில்லை. சமஸ்தானத்துக்குத் தோன்றியிருக்கிறது.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்குச் செய்த மராமத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிடைத்த வெளிச்சத்தை நம்பியே படமெடுத்த மனிதர் அவர். மங்கலான அறை என்றால் மங்கலாகவே விட்டுவிடுவார். சமஸ்தானத்தில் அந்த மங்கலெல்லாம் சதுரம் சதுரமாக, ஓடு பதித்தாற்போல் ஒழுங்காக மின்னுகிறது. பாதி கட்டிய வீட்டின் கதைக்கு டைல்ஸ் வேலையாவது முடிந்ததே.

இடைவேளைத் தருமம் வேறு. குரோசவாவின் 'செவன் சாமுராய்' 207 நிமிஷம். அந்த மகான் தன் படத்துக்குள் தானே ஓர் இடைவேளையை வைத்திருந்தார். ஒன்றே ஒன்று, ஜப்பானியர் சிக்கனக்காரர்கள். சமஸ்தானம் அதைத் தயவுதாட்சண்யமின்றி நீக்கி, அதற்கு ஈடாகத் தன் கைச்சரக்காகப் பதினொரு இடைவேளை கொடுத்தது. கொள்ளைக்காரர்கள் குதிரையில் மலைமுகட்டுக்கு வந்து நிற்கிறார்கள். உடனே ஒரு குடும்பம் சுற்றி உட்கார்ந்து நூடுல்ஸ் தின்கிறது. மழையும் சேறுமாகக் கடைசிச் சண்டை உச்சத்தில் இருக்கிறது. சேற்றுக் கறை போக்கும் சலவைத்தூள் வருகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டு கைதட்டிவிட்டேன். முறுக்கு விற்க இடைவேளை வரை காத்திருந்த எங்கள் ஊர் டென்ட் கொட்டகை முதலாளியை நினைத்தால் இப்போது பரிதாபமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பேத்தி இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ தப்பாக அடித்ததில் 'உதிரிப்பூக்கள்' கிடைத்துவிட்டது. மகேந்திரன், 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்தது. அதை முதலில் பார்த்த இரவு நானும் என் நண்பனும் பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மைல் நடந்தே வீடு திரும்பினோம். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு நோயைத் தரும் படம். சமஸ்தானம் அதற்கான பத்தியங்களோடு காத்திருந்தது.

டைட்டில் தொடங்கியதுமே "அறிமுகத்தைத் தவிர்க்க" என்று ஒரு பொத்தான் மிதந்து வந்தது. மகேந்திரன், அசோக்குமார், இளையராஜா என்று பெயர் பெயராக வாசித்து ஆகப்போவதென்ன? கல்யாண வீட்டில் சமையற்காரன் பெயரை யார் கேட்கிறார்கள்! அடுத்தது வேகம். மகேந்திரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாத்திரங்கள் பேசி முடித்த பிறகும் காமிராவை எடுக்கமாட்டார். அஸ்வினி சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், காற்று அடிக்கும், நமக்கு என்னவோ செய்யும். இந்தத் தொல்லை ஒன்றரை மடங்கு வேகத்தில் பெருமளவு குறைகிறது. பேத்தி எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கிறாளாம். "அழுகையும் சீக்கிரம் முடிஞ்சிடும் தாத்தா" என்றாள். குழந்தை வாக்கு. மௌனம் வரும் இடமெல்லாம் அடியில் "(சோக இசை)" என்று எழுத்து விழுந்தது. இளையராஜா வாசித்தது சோகமா சந்தோஷமா என்று நாற்பது வருஷமாகக் குழம்பிக் கிடந்த எனக்கு அன்றுதான் தெளிவு பிறந்தது.

நடுவில் பாத்ரூம் போய் வந்தேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது, அந்த வயது. திரும்பினால் படம் நின்று, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேள்வி காத்திருந்தது. உடம்பு சிலிர்த்தது. பெற்ற மகன் அமெரிக்காவிலிருந்து வாரம் ஒரு தடவைதான் கேட்கிறான்.

இனி, எல்லாவற்றுக்கும் மகுடமான ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படத்தின் முடிவை அறிந்தவர்கள் அறிவார்கள். ஊரே திரண்டு ஆற்றங்கரையில் நிற்கிறது. சுந்தரவடிவேலு தண்ணீருக்குள் இறங்குகிறார். அவருடைய இரண்டு குழந்தைகளும் கரையில். அவ்வளவுதான். அந்தக் கரையில் அந்தக் குழந்தைகளோடு பார்ப்பவனையும் நிறுத்திவிட்டு மகேந்திரன் போய்விடுவார். தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துடைப்பத்தோடு வந்த அம்மாள்கூட வாசலில் நின்றுவிட்டார்.

அப்படி ஒரு நிராதரவில் சந்தாதாரனை விட சமஸ்தானத்துக்கு மனம் வருமா? சுந்தரவடிவேலுக்கு இடுப்பளவு தண்ணீர் வந்ததும் ஆறு சுருங்கியது. திரையின் மூலையில், தபால்தலை அளவுக்கு. மீதித் திரை முழுவதும் ஒரு பல்லழகன் கோடரியோடு தோன்றினான். "அடுத்த படம் 5 நொடியில்." ஐந்து. நான்கு. கண்ணாடியைத் தேடினேன். மூன்று. ரிமோட்டைத் தேடினேன். இரண்டு. தபால்தலைக்குள் குழந்தைகள் இருக்கிறார்களா என்று எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். ஒன்று. கோடரி இறங்கியது. துக்கம் என்ற சொல்லுக்கே இடம் வைக்காத இந்த வைத்தியத்தை மகேந்திரன் அறிந்திருந்தால், படத்தை ஆற்றுக்குப் பதிலாக ஒரு சந்தைக்கடையில் முடித்திருப்பார். அன்றிரவு ஆறு மைல் நடக்க நேரவில்லை. சோபாவிலேயே கோடரிப் படம் பாதி பார்த்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால், 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் 'உதிரிப்பூக்கள்' இருந்தது. படத்தின் கீழே சிவப்புக் கோடு கடைசி வரை ஓடி, ஒரு மயிரிழை மிச்சம். "மீதம் 2 நிமிடம்." என் பொருட்டு அந்த ஆற்றங்கரையை அப்படியே நிறுத்தி வைத்துக் காத்திருந்த கருணையை என்னென்பது! ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்த இரண்டு நிமிஷத்தையும் சாவகாசமாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வருவதற்குள் மாதம் பிறந்துவிட்டது. உரிமம் முடிந்து படம் விடைபெற்றுக்கொண்டது. நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தையும், முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸை'யும் நாம் தொலைத்திருக்கிறோம். ஆனால் அதற்கு எத்தனை சிரமம்! பெட்டியில் போட்டு மறக்க வேண்டும், வெயிலும் ஈரமும் ஏற வேண்டும், நைட்ரேட் சுருள் தானே உளுத்துப் பொடிய வேண்டும், வருஷக்கணக்கான உழைப்பு. சமஸ்தானம் நள்ளிரவு 12 மணிக்கு, ஒரு தூசு கிளம்பாமல், நெடி இல்லாமல், அதையே முடித்துக்கொடுக்கிறது.

சிவப்புக் கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. இன்று காலையும் தொட்டுப் பார்த்தேன். "இந்தப் படம் தற்போது கிடைக்கவில்லை. நீங்கள் இதை ரசித்ததால்…" என்று கோடரியைக் காட்டியது. பாண்டா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சந்தாப் பணம் அதிகாலையிலேயே கணக்கிலிருந்து போய்விட்டதாகப் பேங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்திருந்தது.