கம்பார் வரிசை வீட்டு நள்ளிரவுச் சத்தம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மலேசியாவின் கம்பார் நகர் இரவில் அதிர்வது புதிதன்று. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இவ்வூர்க் குன்றுகளில் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் பீரங்கியால் பேசிக்கொண்டன. புத்தாண்டு இரவில் கம்பாரில் எவரும் உறங்கலாகாது என்ற மரபு அன்றே தொடங்கிற்று என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இடையில் ஊர் நெடுங்காலம் உறங்கியது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் இவ்வூர் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்கள் மூடிக்கொண்டே போயின. இளையோர் வெளியூர் பிழைக்கப் போயினர். இருட்டியபின் பேச்சுரிமை தவளைகளிடம் இருந்தது. 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தது. அதன்பின் தவளைகள் கருத்துச் சொல்வதில்லை.

ஆய்வுக்களம், மாணவர் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடு. வீட்டுக்காரர் இதில் இடம்பெறார். அவர் கோலாலம்பூரில் நன்றாக உறங்குகிறார். கூடத்தைப் பலகையால் தடுத்து இன்னோர் அறையாக்கியதோடு அவர் பங்களிப்பு முடிந்தது. உள்ளிருப்போர் ஒருவருக்கொருவர் முழுப்பெயர் அறியார். அவர்களை உறவாக்குவது வைஃபை கடவுச்சொல் ஒன்றே.

அமெரிக்க மாணவர் சங்க வீடுகளோடு இதை ஒப்பிடுவது தவறு. அங்கே 1776-இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா தோன்றியபோதே கிரேக்க எழுத்தில் பெயர் வந்துவிட்டது. அச்சங்கம் இன்று சிறந்த படிப்பாளிகளைக் கௌரவிப்பதோடு நிற்கிறது. கூத்தைப் பின்வந்த சங்கங்கள் எடுத்துக்கொண்டன. அவற்றுக்கும் பெயர், தலைவர், சந்தா உண்டு. கம்பார் வீட்டுக்குக் கதவிலக்கம் மட்டுமே உண்டு. இவ்வேறுபாடு பின்னர் உதவும்.

இனிச் சத்தத்தின் இயல்பு. பிறந்தநாள் இவ்வீடுகளில் விடியும்வரை பொறுப்பதில்லை. சரியாகப் பன்னிரண்டுக்குப் பிறக்கிறது. மாவும் முட்டையும் தலையில் விழ, பிறந்தவன் தெருக்கோடிவரை அலறியபடி ஓடுவான், துரத்துவோர் வாழ்த்துப் பாடுவர். கைப்பேசி விளையாட்டில் செத்தவன் எழுப்பும் ஓலம் வேறு வகை. அதில் நண்பர்களின் பரம்பரையே இழுக்கப்படும். புகைபோக்கி மாற்றிய மோட்டார் சைக்கிளை எல்லாரும் அறிவர், விடுவோம். கொடியது ஒலிபெருக்கியின் அடித்தொனிதான். சுவரைத் தாண்டும்போது பாட்டும் மெட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கமே தங்கிவிட, ‘டும்’ மட்டும் இந்தப் பக்கம் வந்து சேரும். இன்ன பாட்டு என்று தெரிந்தாலாவது மனிதன் திட்டுவதற்கு ஓர் இசையமைப்பாளர் கிடைப்பார்.

பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும் என்பது அறிவியல். ஆனால் சத்தம் எப்போது தொல்லையாகிறது என்பதை அறிவியல் சொல்லாது. அதற்கு அடுத்த வீட்டுப் பாட்டியிடம் போக வேண்டியிருந்தது. அவர் கித்தா எனும் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர். லயத்திலும் பொதுச்சுவர்தான், அதுவும் பலகை. திருவிழா என்றால் விடிய விடிய உறுமி, திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம். விடியுமுன் பிரட்டு என்னும் ஆளெடுப்புக்கு நிற்க வேண்டும், பிறகு பால்வெட்டு. அப்போது புகார் செய்தாரா என்று வினவினோம்.

“அது திருவிழா தம்பி. தலைவரு, செயலாளரு, பொருளாளரு எல்லாம் இருந்தாங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?”

இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு இதுவே. பாட்டி அதை வெளியிடவில்லை, நாம் வெளியிடுகிறோம். செயலவை உள்ள சத்தம் பண்பாடு. செயலவை இல்லாத சத்தம் தொல்லை. சான்றுகள் வலுவானவை. ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குத் தைப்பூச ஊர்வலம் போகும் வழியில் எவரும் உறுமியைக் குறைக்கச் சொல்வதில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் மேடை போட்டுப் பாடுவர். முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக இருக்கும். இறந்தவருக்கே இடம் ஒதுக்கிய நிகழ்ச்சியை உயிரோடிருப்பவர் எப்படிக் குறை சொல்வது? மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 268-ஆம் பிரிவு பொதுத்தொல்லையைக் குற்றம் என்கிறது. செயலவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் பாட்டியைக் கலந்தாலோசிக்கவில்லை.

எதிர்வினையையும் பதிவு செய்தல் வேண்டும். பாட்டிக்குப் பிரட்டுக்கால விழிப்பு இன்னும் மாறவில்லை. மாணவர் படுக்கும் நேரத்தில் எழுகிறார். மின்னல் பண்பலையில் பக்திப் பாடல், சிமெண்டுத் தரையில் ஈர்க்குமாறு, வாளியை வைக்கும்போது தேவைக்கு மேல் ஒரு தட்டு. இதற்குச் செயலவை இல்லை என்று சுட்டிக்காட்டினோம். தாமே தலைவர் என்றார்.

பரிந்துரை: ஒவ்வொரு மாணவர் வீடும் செயலவை அமைக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன் அறிக்கை அடித்து, வெற்றிலை பாக்கோடு இருபுற வீட்டாரையும் முன்வரிசைக்கு அழைக்க வேண்டும். சோதனை முறையில் ஒரு வீட்டில் தேர்தல் நடத்தினோம். தலைவர் பதவிக்கு எல்லாரும் போட்டியிட்டனர். செயலாளர் தூங்கிக்கொண்டிருந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டார். பொருளாளர்தான் கிடைக்கவில்லை, அந்த மாத மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதே இன்னும் முடிவாகவில்லையாம்.