குமிழியியல்: பழைய டிரக்கின் கிளட்ச்சில் காற்று குடியிருப்பது குறித்த ஆய்வு

அறிவியல் வரலாற்றில் 1662 சிக்கலான ஆண்டு. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று கண்ட பிளேய்ஸ் பாஸ்கல் அந்த ஆகஸ்டில் காலமானார். அழுத்தினால் காற்று சுருங்கும் என்ற விதியை ராபர்ட் பாயில் அச்சேற்றியதும் அதே ஆண்டில்தான். இருவரும் ஒரே குழாய்க்குள் மோதிக்கொள்ளும் களத்தை அறிஞர் உலகம் இன்னும் உரிய முறையில் கவனிக்கவில்லை. அந்தக் களம், 1990களின் ஃபோர்ட் ரேஞ்சர் டிரக்கின் கிளட்ச்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். ஸ்லேவ் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். இத்தனை கைமாறிக் கடைசியில் கிடைக்கும் நகர்வு சில மில்லிமீட்டர்தான். நடுவில் ஒரு குமிழி புகுந்தால், கால் கொடுத்த உழைப்பைத் தான் சுருங்கியே விழுங்கிவிடும். பெடல் தொளதொளக்கும்; ரிவர்ஸ் கியர் கரகரவென்று கண்டனம் தெரிவிக்கும். பாயில் வென்றார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ரேஞ்சரை வடிவமைத்தவர்கள் பாயிலின் கட்சி என்று ஐயுற இடமுண்டு. ஸ்லேவ் சிலிண்டரை கியர்பாக்ஸின் முன்புறக் கூட்டுக்குள், ஷாஃப்ட்டைச் சுற்றிப் பொருத்தினார்கள். ஒரு ரப்பர் சீல் கசிந்தாலும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரையோ சாய்வாக மாட்டினார்கள். அதன் மேல் மூலையில் ஒதுங்கிய காற்று, கீழே ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்துவிட்டாலும் இறங்கி வராது.

இப்படிச் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும், கலையில் நான்கு மரபுகள் உள்ளன.

முதலாவது இரட்டையர் மரபு. ஒருவர் மேலே மிதிப்பார். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூடுவார். இதன் முழு இலக்கியமும் “மிதி”, “பிடி”, “இறுக்கிட்டேன், விடு” என்ற மூன்று வரிகளில் அடங்கும். மூன்றாவது வரிக்கு முன்பே கால் எழுந்தால் குழாய் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறவும் சற்றுக் கெடும்.

இரண்டாவது ஈர்ப்பு மரபு: நிப்பிளைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது. சோம்பலுக்குக் கிடைத்த ஒரே அறிவியல் அங்கீகாரம் இது.

மூன்றாவது வெற்றிட மரபு. கைப்பம்பு வைத்து உறிஞ்சினால் நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்றும் வரும். உள்ளே இல்லாத குமிழிகள் பாட்டிலில் பொங்கும். ஆய்வுலகில் இதற்குப் பெயர் போலித் தரவு.

நான்காவது தலைகீழ் மரபு. கீழே நிப்பிளிலிருந்து ஊசிக்குழலால் ஆயிலை மேலே ஏற்றுவது. குமிழி தானாகவே மேலே போக விரும்புவது. அதன் விருப்பத்துக்கு உடன்படும் மரபு இது ஒன்றே.

ஆயிலும் ஆய்வுக்குரியதே. கிளட்ச்சில் ஊற்றும் டாட் 3 பிரேக் ஆயில், புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 140 டிகிரியே போதுமான வரம்பு. மூடி திறந்து மாதக்கணக்காக அலமாரியில் கிடந்த டப்பா இதனால் தகுதியிழக்கிறது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ஆய்வு அத்துடன் முற்றுப்பெறும்.

தீர்ப்பு இது: புது மாஸ்டரை வண்டியில் பூட்டுமுன், மேசை மேலேயே சாய்த்துப் பிடித்து ஏர் எடுத்துவிட வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஸ்லேவ், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது பெயின்ட்டை உரித்துவிடும்.