மயிலாப்பூரில் சண்டை கிடையாது

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சண்டை என்று ஒன்று நடப்பதே கிடையாது. நடப்பதெல்லாம் 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' மட்டுந்தான். மாட வீதியில் எனக்குத் தெரிந்த சகோதரர் இருவர், பிதுரார்ஜித வீட்டின் நடுக்கூடத்தில் செங்கல் சுவர் எழுப்பி, கிணற்றடிக்கு முறை வைத்து, ஒருவர் வீட்டு விசேஷத்தன்று மற்றவர் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விடுவது என்னும் சம்பிரதாயத்தையும் வழுவாமல் அனுஷ்டித்து வந்தார்கள். ஆயினும் விசாரித்தவர்களிடமெல்லாம் தமையனாரின் தர்மபத்தினி, "ஒண்ணுமில்லை, ரெண்டு பேருக்கும் சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்றே சாதித்துவந்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பதே அந்தப் பதத்துக்கு அகராதி முதலில் கூறும் அர்த்தம். அவ்விருவரோ ஒருவரையொருவர் ஐயந்திரிபற விளங்கிக்கொண்டவர்கள். விளங்கிக்கொண்ட பிறகே கொத்தனாரை அழைத்தார்கள்.

'ஆர்க்யுமெண்ட்' என்பது வேறு. லஸ் பக்கத்து வக்கீல்கள் பகல் வேளையில் ஹைகோர்ட்டில் செய்வது அது. அதற்குப் பீஸ் உண்டு. பீஸ் இல்லாமல் வீட்டில் செய்தால், அதுவும் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆகிவிடுகிறது.

இந்தப் பதத்தின் தயவை நாடாமலே பேதப்பட்ட சம்பந்திகள் இருவர் உண்டு. தியாகராய நகர் பஸ்லுல்லா ரோட்டில் வசித்த ராஜாஜியின் குமாரி லக்ஷ்மியை 1933-ல் மணந்தவர் காந்தியடிகளின் புதல்வர் தேவதாஸ். அப்படியிருந்தும் 1942-ல் ராஜாஜி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கைக்கு இணங்கிப் போவதே விவேகம் என்று சொல்லிக் காங்கிரஸிலிருந்து விலகியதோடு நில்லாமல், சம்பந்தி தொடங்கவிருந்த 'வெள்ளையனே வெளியேறு' இயக்கமும் தவறு என்று பகிரங்கமாகவே கூறினார். பத்திரிகைத் தமிழில் அதற்கு அபிப்பிராய பேதம் என்று பெயர். பேதித்த அபிப்பிராயம் இன்னதென்று ஊரறியச் சொல்லிவிட்டதால், பிறகு அதைப்பற்றிப் பேசுவதற்கும் வழியிருந்தது போலும்; 1944-ல் பம்பாயில் ஜின்னாவோடு பேசப் புறப்பட்ட காந்தியடிகள், அதே ராஜாஜி வகுத்த திட்டத்தையே ஆதாரமாகக் கொண்டு சென்றார்.

தேசத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பது அவர்களுடைய விஷயம். அடையாற்றில் என் சிநேகிதர் வீட்டுச் சம்பந்திகளுக்கு விஷயம் அதைவிடப் பெரிது: சீர் முறுக்கில் இரண்டு சுற்றுக் குறைந்துவிட்டது. பேரனுடைய உபநயனத்தன்றுகூட அவர்கள் வெவ்வேறு பந்தியில்தான் சாப்பிட்டார்கள். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த பையனை நிறுத்தி, 'அந்தப் பந்தி'யில் முந்திரிப் பருப்பு எத்தனை விழுந்தது என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்கள்.