காலி பாட்டிலுக்கு உள்ள மரியாதை

தமிழ்நாட்டில் காலி மது பாட்டிலுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். குடித்து முடித்து, பாட்டிலை உடைக்காமல் கொண்டுபோய் நீட்டினால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஸ்டிக்கர் உண்டு, கணக்கு உண்டு, சாக்கு மூட்டை உண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவே உண்டு. மலைக்காட்டில் வீசியெறிந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்து, 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் மாவட்டம் மாவட்டமாக மலையிறங்கி வந்துவிட்டது. யானைக்கு நல்லது நடந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாட்டிலைக் காலி செய்தவனை எந்தக் கவுண்டரில் ஒப்படைப்பது? அவன் முதுகில் ஸ்டிக்கர் இல்லை என்பதால் வாங்க மாட்டார்களா?

கேட்கக் கூடாத கேள்விதான். 1983-ல் அரசு மொத்த வியாபாரத்துக்கென்று ஆரம்பித்த டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறைக் கடையும் நானே நடத்துகிறேன் என்று உட்கார்ந்தது. 2024-25-ல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். இத்தனை கோடியைக் கொட்டிக் கொடுத்த வாடிக்கையாளனுக்கு வேறு எந்தக் கடையாக இருந்தாலும் தீபாவளிக்கு ஒரு சீட்டித் துணியாவது கொடுத்திருக்கும். இங்கே தீபாவளி வந்தால் பத்திரிகையில் மண்டலவாரி விற்பனைக் கணக்கு வரும். மதுரைக்கு எத்தனை கோடி, திருச்சிக்கு எத்தனை கோடி, யார் முதலிடம் என்று பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி படிக்கிறோம். போன வருஷத்தைவிட நம் மண்டலம் ஒரு படி இறங்கிவிட்டால் டீக்கடையில் லேசான வருத்தம்கூடத் தெரியும்.

நான் இருப்பது காட்டூர். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊரைப் பிளந்துகொண்டு போகிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை போடுங்கள் என்று மக்கள் வருஷக்கணக்காக மனு கொடுக்கிறார்கள், மறியல் செய்கிறார்கள். அணுகுசாலை வராததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். சாராயத்தை அணுகுவதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் தடங்கல் இருந்ததில்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரல் முதல் தேதி மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. அடுத்து என்ன செய்தார்கள் என்பதை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். கடையை நகர்த்துவது கஷ்டம், சாலையை நகர்த்துவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். மாநில நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலை என்று காகிதத்தில் பெயர் மாற்றிவிட்டால் தீர்ந்தது! உயர் நீதிமன்றம் குறுக்கே விழுந்து தடுத்தது. இன்னொரு பக்கம், ஊருக்குள் புதுக்கடை திறக்க வந்தபோதெல்லாம் பெண்கள் துடைப்பத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் அப்படி உட்கார்ந்த ஒரு பெண்ணின் கன்னத்தில் ஒரு போலீஸ் அதிகாரி விட்ட அறையை நாடே வீடியோவில் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் வேலை என்றால் பாய்லர். பெல் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய நாளிலிருந்து அதைச் சுற்றி முளைத்த பட்டறைகள்தான் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டன. இங்கே ஒருவன் ‘ஹை பிரஷர் வெல்டர்’ என்று பெயர் எடுத்துவிட்டால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அவன் வைக்கிற ஒவ்வொரு ஜாயிண்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மயிரிழை அளவுக்குப் புரை இருந்தாலும் ரிஜெக்ட். இரும்புக் குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஊரில், வெல்டரின் ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிக்க ஆள் கிடையாது.

எங்கள் தெருவிலும் ஒரு வெல்டர் அண்ணன் இருந்தார். முதலில் சாயங்காலம் ஒரு குவாட்டர், உடம்பு வலிக்கு என்பார். அனல் மின்நிலைய ஆர்டர் குறைந்து பட்டறைகள் படுத்த பிறகு வலி குறைய வேண்டியதுதானே, குவாட்டர் இரண்டாயிற்று. அப்புறம் காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையில் டார்ச் நிற்காது. ஒரு கட்டிங் உள்ளே போனால் கல்லுப் போல நிற்கும். கடை திறப்பது மதியம் 12 மணிக்கு. காலை 7 மணிக்கு அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த பாரின் எந்தப் பின்கதவில் எவ்வளவு கூடக் கொடுத்தால் கிடைக்கும் என்பது எங்கள் ஏரியாவில் பால் பாக்கெட் போடுகிற பையனுக்குத் தெரியும். போலீஸுக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் மகள் ஏதோ சொல்லிவிட்டாள் என்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். வீட்டுக்காரம்மா சத்தியத்தை நம்பி, அவரை நம்பாமல், அறையில் வைத்து வெளியே தாழ் போட்டுவிட்டார். முதல் நாள் நடுக்கம், வியர்வை, வாந்தி. மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்கச் செவ்வெறும்பு ஊர்கிறது என்று கையால் தேய்த்துத் தள்ள ஆரம்பித்தார். கைலியில் வெல்டிங் பொறி பட்டுப் புகைகிறது என்று உருவிப் போட்டார். செத்துப் போன அப்பாவைப் பார்த்து, கண்ணாடி போடாம பாக்காதீங்கப்பா, கண்ணு போயிடும் என்று அதட்டினார். தெருவே கூடிவிட்டது. பேய் என்றார் ஒருவர். சமயபுரத்தா மேல பொய்ச் சத்தியம் பண்ணினா சும்மா விடுவாளா என்றார் ஒரு பாட்டி. ‘ஐயோ, நிறுத்தினாத்தான் இவருக்குப் பைத்தியம் பிடிக்குது, ஒரு கட்டிங் ஊத்துங்கப்பா’ என்று இரக்கப்பட்டவரும் உண்டு. நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு அக்காதான், “இது பேயுமில்ல பைத்தியமுமில்ல, ஆட்டோவைக் கூப்பிடுங்க” என்று பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்தார்.

வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிற மூளை, மயக்கத்துக்குள்ளேயே வேலை செய்யப் பழகி, அதை எதிர்த்துத் தன்னை முறுக்கியே வைத்திருக்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாதது எல்லாம் கண்ணில் தெரியலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். லோராசிபம் மாதிரி ஒரு மாத்திரையைக் கொடுத்து, நாள் கணக்கில் குறைத்துக்கொண்டே வந்து, கூடவே வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். இரண்டும் விலை மலிவு. இந்த ஐந்து வரியை 48,344 கோடி வாங்குகிற கடை எதிலும் எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. விலைப்பட்டியல் மட்டும் பெரிதாக இருக்கும். அந்த விலைக்குக் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

உலகத்தில் இல்லாததைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே காசு கொடுக்கிற கூட்டமும் இருக்கிறது. மெக்சிகோவிலும் டெக்ஸாஸிலும் பெயோட் என்று ஒரு முள்ளில்லாத குட்டிக் கள்ளி முளைக்கிறது. அதில் மெஸ்கலின் இருக்கிறது. 1953-ல் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுக்க, அவர் பூச்சாடியிலும் நாற்காலியிலும் பிரபஞ்ச ரகசியத்தைப் பார்த்துவிட்டு வந்து புத்தகம் எழுதினார். அது தரிசனம். எங்கள் அண்ணன் காட்டூர் சுவரில் செவ்வெறும்பு பார்த்தார். அது பேய். வர்க்கம் என்பது இதுதான்.

ஆஸ்மண்ட் கனடாவில் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்து அவர்களை மீட்க முடியுமா என்றும் பார்த்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனே, மதுவை விட்டு இருபது வருஷத்துக்கு மேலான பிறகு, 1956-ல் எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்தார். பலித்ததா இல்லையா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். என்னை யோசிக்க வைத்தது அமெரிக்கப் பழங்குடிகளின் பெயோட் சபை. 1994-ல் அமெரிக்கச் சட்டமே அவர்களின் சடங்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ராத்திரி முழுக்கக் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும். முரசு, பாட்டு, பிரார்த்தனை. வழிநடத்த ஒரு பெரியவர். விடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. முக்கியமாக ஒரு கட்டளை: சாராயத்தைத் தொடாதே. வெள்ளைக்காரன் கொண்டுவந்து ஊற்றிய சாராயத்தில் அழிந்த சனங்கள், ஒரு போதையை வைத்தே இன்னொரு போதைக்கு வேலி போட்டார்கள்.

நம் அரசு நடத்துகிற சடங்கைப் பாருங்கள். மதியம் 12 மணி. கம்பி வலைக்குள்ளே பூசாரி. 2003-ல் அரசு வேலை என்று நம்பி பட்டப்படிப்போடு வந்தவர், இன்னும் தொகுப்பூதியத்தில் நிற்கிறவர். கம்பிக்கு வெளியே முண்டியடிக்கும் கைகள். எம்.ஆர்.பி.க்கு மேல் 10 ரூபாய் தட்சிணை. பிளாஸ்டிக் டம்ளர், வாட்டர் பாக்கெட், ஊறுகாய். வழிநடத்தப் பெரியவர் யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான்.

கொடைக்கானலில் போதைக் காளான் தேடிப் போகிற பொடியன்களைப் பிடித்து 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் உள்ளே தள்ளுகிறார்கள். சைலோசிபின், மெஸ்கலின், எல்.எஸ்.டி. எல்லாம் அதன் பட்டியலில் இருக்கிறது. காளானுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மரத்தில் இறங்குகிற கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிற மாநிலம் இது. மண்ணில் முளைத்தால் குற்றம், மரத்தில் வடிந்தால் குற்றம், ஆலையில் காய்ச்சி அரசு விற்றால் வருவாய்.

இதைப் பாட்டாகப் பாடினாலும் குற்றம்தான். சாட்சி எங்கள் திருச்சியிலேயே இருக்கிறது. ‘மூடு டாஸ்மாக்கை மூடு’ என்று பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனை 2015 அக்டோபர் 30 அதிகாலை இருட்டில், உறையூரில் இருந்த வீட்டிலிருந்து போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. போட்ட வழக்கு 124-ஏ, தேசத்துரோகம். அரசே பாட்டில் லேபிளில் வருஷக்கணக்காக அச்சடித்து ஒட்டியது என்ன? மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. அதையேதான் அந்த மனுஷர் பறையடித்துச் சொன்னார். பாட்டில் சொன்னால் எச்சரிக்கை, பாடகன் சொன்னால் ராஜதுரோகம். அப்போது முதல்வராக இருந்தவர், சில்லறை விற்பனையை அரசின் கைக்கு மாற்றியவர், 2011-ல் எங்கள் ஸ்ரீரங்கம் தொகுதியில் நின்று ஜெயித்தவர். கைதைக் கண்டித்த எதிர்க்கட்சி 2016 தேர்தல் அறிக்கையில் பூரண மதுவிலக்கு என்று எழுதியது. 2021 அறிக்கையில் அந்த வாக்குறுதி இல்லை. மழையில் நனைந்துகொண்டு கருணாநிதி வீட்டுக்குப் போய், மதுவிலக்கை எடுத்துவிடாதே என்று 1971-ல் கெஞ்சிய ராஜாஜிக்குக் குடை பிடிக்க இப்போது ஒரு புண்ணியவான்கூடக் கிடைக்க மாட்டான்.

அமைச்சர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்களுக்கு இளகிய மனசு. 2023-ல் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி, குவாட்டரைப் பங்குபோட ஆள் தேடி அலைகிறவர்களின் கஷ்டத்தைச் சொல்லி, 90 மில்லி பாக்கெட் பற்றி ஆராய்வதாகச் சொன்னார். விடிகாலையில் கடும் உழைப்புக்குப் போகிறவன் குடித்தால் அவனைக் குடிகாரன் என்று சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எங்கள் வெல்டர் அண்ணனின் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்பதற்குப் பதில், அதற்கேற்ற அளவில் பாக்கெட் யோசித்த கருணை! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலைக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். அந்த மாதமே சட்டமன்றத்தில் அமைச்சர் துரைமுருகன், உழைக்கிறவனுக்கு அரசு சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் அங்கே போகிறான் என்ற பொருளில் விளக்கம் கொடுத்தார். தரக்கட்டுப்பாட்டுப் புகாரை சபைக் குறிப்பில் ஏற்றிய முதல் வாடிக்கையாளர் பிரதிநிதி அவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, விடவேண்டும் என்று ஒருவன் நினைத்தால் அவனுக்கு என்ன வழி? ரயில்வே கேட் சுவரைப் பாருங்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’, கீழே ஒரு செல்போன் எண். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் கலந்திருந்தால், அதைச் சாம்பாரில் போட்டுக் கொடுத்த அன்றைக்கு அவன் வழக்கம்போல் ஒரு குவாட்டரும் போட்டால், முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், அவனுக்குத் தெரிந்து கொடுக்க வேண்டிய மாத்திரை அது. இன்னொரு வழி, மறுவாழ்வு இல்லம். உரிமம் வாங்கி ஒழுங்காக நடத்துகிறவை இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளை மருத்துவமனை ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. உரிமம் இல்லாமல், நாலு தடியன்களையும் ஒரு இரும்புக் கதவையும் வைத்து நடத்துகிற இல்லங்களும் இருக்கின்றன. 2022-ல் சென்னை ராயப்பேட்டையில் அப்படி ஓர் இடத்தில் சிகிச்சைக்கு வந்தவரை அடித்தே கொன்றார்கள். கடையை அரசு நடத்தும். அடிக்கிற வேலையைத் தனியாருக்கு விட்டுவிட்டது.

கார்த்திகை பிறந்தால் இதே அண்ணன்மார்கள் மாலை போட்டு மண்டலம் முழுக்கச் சொட்டுத் தொடாமல் இருக்கிறார்கள். விடிகாலைக் குளியல், கூட்டம், பஜனை, ‘சாமி’ என்று கூப்பிடுகிற மரியாதை. இரண்டு மாதம் முந்தி ‘குடிகாரப் பய’. மரியாதை கிடைத்தால் மனுஷன் நிற்கிறான். ஆனால் தினமும் காலையிலேயே கை நடுங்குகிற நிலைக்குப் போனவர் மாலை போட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மதுவிலக்கு வருமா என்று நான் கேட்கவில்லை, எனக்கு அந்த ஆசை வயசு தாண்டிவிட்டது. சின்னதாக ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் குடிநோய்க்கென்று நாலு படுக்கை, ஒரு மருத்துவர், அந்த மலிவு மாத்திரைகள். ஒவ்வொரு கடையிலும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.

அவர்கள் எழுதும் வரை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். கை நடுங்கும்போதே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உதவி எண் 14446. காசு கிடையாது.