கன்றோடு வரும் அண்ணாச்சி

சிவகாசியிலோ விருதுநகரிலோ எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். எல்லோரும் சட்டைப் பையில் மொய்க் கவரோடு வர, அண்ணாச்சி மட்டும் கறுப்புப் பாலிதீன் பையில் ஒரு வேப்பங்கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் தண்ணீர் ஊற்றியிருப்பார். மேடை ஏறும்போது அது கரிசல் குழம்பாகச் சொட்டும். மணப்பெண் ஒரு கையால் பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒதுக்கி, மறு கையால் கன்றை வாங்கிக்கொண்டு சிரிக்கிற படம் இந்த வட்டாரத்தில் எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கும்.

கன்றில் ஒரு அட்டை தொங்கும். ஆடி 18 அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிற சிவகாசியில் பழைய காலண்டர் அட்டைக்கா பஞ்சம்? அதை வெட்டி, மார்க்கர் பேனாவால் மரத்தின் பெயர், தேதி, தன் செல் நம்பர் எல்லாம் எழுதியிருப்பார். கன்று பட்டுப்போனால் தகவல் சொல்ல வேண்டுமாம்.

கோவில்பட்டியில் பிறந்த நடிகர் விவேக், அப்துல் கலாம் சொன்னாரென்று 'கிரீன் கலாம்' என்ற பெயரில் ஒரு கோடி மரம் நடக் கிளம்பினாரே, அப்போது தொற்றிக்கொண்ட ஆசை இது. 2021 ஏப்ரல் 17 அன்று விவேக் இறந்தபோது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மிச்சத்தை அண்ணாச்சி தன் தலையில் ஏற்றிக்கொண்டார். நல்ல காரியம்தான், சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் தானாக முளைக்காத பூமியில் யார் குறை சொல்ல முடியும்? ஆள் விவரமானவரும்கூட. மூங்கில் குச்சியைக் கண்ணாடிக் குவளையில் வைத்து ஆன்லைனில் அனுப்புகிற பெங்களூர் மருமகன் ரகமில்லை. கரிசலுக்கு வேம்பு, புங்கன், பூவரசு. இதைத் தாண்ட மாட்டார்.

வம்பு கொடுத்த பிறகுதான். சுவர்க்கடிகாரம் கொடுத்தவர் அது ஓடுகிறதா என்று பார்க்க வருவதில்லை. (அதைப் புதுத்தாள் சுற்றி அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிடவும் வசதி.) அண்ணாச்சி வருவார். பிள்ளை பார்க்க வந்தாலும் தொட்டிலுக்கு முன்னால் கொல்லையைத்தான் எட்டிப் பார்ப்பார். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெருவே குடத்தை வரிசை போட்டுக் காத்திருக்கும். இவரோ, "மதினி, அரிசி கழுவுன தண்ணியவாச்சும் ஊத்தலாம்ல?" என்பார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நர்சரிக்கு ஓடி, அதே உயரத்தில் வேறொரு கன்றை வாங்கி நட்டுவைத்து, பழைய அட்டையை அதில் மாட்டிவிட்ட குடும்பங்கள் உண்டு.

பட்டாசு ஆலை ஒன்றின் ஆயுத பூஜைக்குப் புங்கங்கன்றோடு போனபோது போர்மேன் கையெடுத்துக் கும்பிட்டாராம்: "அண்ணாச்சி, நிழல் வந்துச்சுன்னா ஆளுக ரூமைவிட்டுத் திரியோட வந்து மரத்தடியில உக்காந்துருவாக. ஆபீசர் வந்தா அதையே எழுதி ஆலைக்குப் பூட்டுப் போட்டுருவாரு. காம்பவுண்டுக்கு வெளிய வேணா வைங்க." வெளியேதான் வைத்தார். ஆட்டுக்கு நல்ல விருந்து.

அவரை மடக்கியது கம்ப்யூட்டர் மொய். நோட்டுக் காலத்தில் 'வேப்பங்கன்று' என்று எழுதிவிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் விழித்தான். "இதுல நம்பர்தான் அடிக்க முடியும் அண்ணாச்சி."

"கன்னு ஒண்ணுதானப்பா? ஒண்ணுன்னு அடி."

ரசீது வந்தது: ரூபாய் 1. அண்ணாச்சி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லா மண்டபத்திலும் அதே ஒன்று.

மொய் என்பது திரும்ப வரவேண்டிய பணம். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் முறை. அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒன்றுக்கு இரண்டாக, முறை பிசகாமல் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். ராத்திரி கவர்களைப் பிரித்த அண்ணாச்சி வீட்டு மதினி கேட்ட கேள்விகளை இங்கே அச்சிட முடியாது.

இப்போதும் அண்ணாச்சி கன்றோடுதான் வருகிறார். ஒரு எட்டு முன்னாலேயே மதினி மொய் மேஜைக்குப் போய்விடுகிறார்.

"தம்பி, ஐநூறை என் பேர்ல ஏத்து. அவுக கொண்டாரத எதுலயும் ஏத்தாத."