முடி... யாது?

மூன்று வயதுப் பேத்தியின் தலை எண்ணெய் வைத்தாலும் படிய மாட்டேன் என்கிறது. இப்படியும் ஒரு நோய் உண்டா?

உண்டு. பெயரே 'சீவ முடியாத முடி'தான்! 1973-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் வைத்த பெயர். நம் முடியைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்டம், அல்லது முட்டை வடிவம். இந்த முடி முக்கோணம். நீளவாக்கில் ஒரு பள்ளம் வேறு. பிறகு எப்படிப் படியும்? காரணமான மூன்று மரபணுக்கள் 2016-ல் தெரியவந்தன. மிக மிக அரிது என்பதால், பேத்திக்கு இதுதானா என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதுவேயானாலும் வளர வளரப் பெரும்பாலும் தானே படியத் தொடங்கும். அதுவரை சீப்போடு மல்லுக்கட்டாதீர்கள், வலி பிள்ளைக்குத்தான்.

மொட்டை போட்டால் சரியாகுமா?

கத்தி தோலோடு நின்றுவிடும். வேர் தோலுக்குக் கீழே இருக்கிறது. வேண்டுதல் என்றால் போடுங்கள்.

நாலு வயது மகளுக்கு இதுவரை முடி வெட்டியதே இல்லை. வளர்ந்தால்தானே வெட்ட! என்ன செய்யலாம்?

விளையாட்டில் யாராவது பிடித்து இழுத்தால், வலியே இல்லாமல் ஒரு கொத்து கையோடு வருகிறதா? வளரும் முடிக்கு வேரில் பிடிப்பில்லாத கோளாறாக இருக்கலாம். அப்படி வந்த முடியின் அடிப்பக்கம் மைக்ராஸ்கோப்பில், எலாஸ்டிக் போன சாக்ஸ் கணுக்காலில் சுருண்டு கிடப்பது போலத் தெரியும். மருத்துவரிடம் காட்டுங்கள். வயது ஏற ஏற அடர்த்தியும் நீளமும் கூடும். அதுவரை வீட்டில் யாரும் அவளை "எலிவால்" என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.