கோச்சியல்: ஏழு திணையும் ஒரு புறனடையும்

பாயிரம்

தொல்லாசிரியர் காதலை ஏழு திணையாக வகுத்தனர். கோச்சின் மேல் ரசிகர் கொள்ளும் அன்பும் அவ்வாறே ஏழாம். ஆய்வுக்களம், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையிலுள்ள காடாம்புலியூர். பொழுது, புரோ கபடி லீக் நடக்கும் இரவு. தலைவன், தமிழ் தலைவாஸ் அணியின் கோச். தலைவி, டீ கிளாசோடு டிவி முன் நிற்கும் ரசிகர், மீசை இருப்பினும்.

1. குறிஞ்சி: புணர்தல்

சிறுபொழுது, கோச் பெயர் அறிவித்த மறுநாள் காலை. அன்று அவரிடம் குறையே தெரியாது. 2017இல் அணி பிறந்தபோது காசிநாதன் பாஸ்கரன். மறு ஆண்டு எடச்சேரி பாஸ்கரன். பெயரில் பாதி மாறாததால் நம்பிக்கையும் மாறவில்லை. 2022இல் ரெய்டர் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு ஏலம் எடுத்தார்கள். கோச் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லும் முன்னரே, காடாம்புலியூரில் கோப்பை வந்து இறங்கிவிட்டது.

2. முல்லை: இருத்தல்

இத்திணைக்குரிய கூற்று, "டீமு செட் ஆவட்டும்யா." விதை போட்ட பலா காய்க்க ஆறேழு வருஷம் ஆனாலும், மரத்தடியில் போய் நின்று கத்தாத ஊர் இது. அதே பொறுமை கோச்சுக்கு ஆறேழு ஆட்டம் வரை நீளும். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1986இல் வந்த பெர்குசன் முதல் கோப்பையைத் தொட 1990 ஆயிற்று என்று மேற்கோள் காட்டுவோரும் இத்திணையினரே. தலைவாஸ் 2017, 2018இல் தம் பிரிவிலும், 2019இல் பன்னிரண்டு அணிகளிலும் கடைசியாக வந்தபின், பெர்குசனைப் பற்றி டீக்கடையில் பேச்சில்லை.

3. மருதம்: ஊடல்

இது மூவகைப்படும். சிற்றூடல்: "அந்தப் பையனை ஏன் இறக்கல?" இடையூடல்: "டூ ஆர் டைக்கு இவன அனுப்புனது இன்னா கணக்கு?" பேரூடல்: ஒன்றும் பேசாமல் சீரியலுக்குச் சேனலை மாற்றல்.

இடையூடலே ஆராயத்தக்கது. ஒரு ரெய்டுக்கு 30 நொடி. இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் பாடிப் போகிறவர் புள்ளி எடுத்தாக வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். அந்த அரை நிமிடம் கோச் கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்பவர். எனினும் எடுத்த புள்ளி பாடியவருக்கு, விட்ட புள்ளி கோச்சுக்கு என்பது ரசிகர் கணக்கு. எடச்சேரி பாஸ்கரனுக்குப் பின் கோச்சான உதயகுமார் காலத்தில் பல ஆட்டங்கள் டையில் முடிந்தன. அப்போது யாரை ஏசுவது என்று தெரியாமல் ஊடல் இரட்டித்தது.

4. நெய்தல்: இரங்கல்

அரிய திணை, 2022இல் தோன்றியது. பவன் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். உதயகுமார் நடுவில் விலக, ஆஷன் குமார் பொறுப்பேற்றார். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. தோற்றபின் கோச் மதிப்பு கூடியது இத்திணையில் மட்டுமே. எதிர்பார்ப்பு முதல் நாளே காயத்தோடு வெளியேறியிருந்தது அதற்குக் காரணம்.

5. பாலை: பிரிதல்

அடுத்த சீசனில் அதே ஆஷன் குமார், ஒன்பதாம் இடம். பிரிவு. 2024இல் உதயகுமாரே திரும்பி வந்தார், துணைக்குத் தர்மராஜ் சேரலாதன். பிரிந்தவர் கூடினர், இடம் மறுபடியும் ஒன்பது. 2025இல் சஞ்சீவ் பலியான் வந்தார்.

அமெரிக்கப் பாலை இன்னும் வெப்பமானது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை 2023இல் வீட்டுக்கு அனுப்ப, 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. நம்மூரில் கோச்சை அனுப்பும் தீர்மானம் ஒரு டீயில் நிறைவேறும்.

6. கைக்கிளை

டிவியைப் பார்த்து, "கார்னர மாத்து" என்று யோசனை சொல்லல். கோச்சுக்குக் கேட்காது என்பது தெரியும். கேட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்பதும் தெரியும்.

7. பெருந்திணை

பொங்கல் டோர்னமென்ட்டுக்கு ஊர்ப் பையன்களைத் தயார் செய்யும் அண்ணனிடம் கோப்பை கேட்டல். அவருக்குச் சம்பளம் இல்லை. ஜெர்சியும் பல நேரம் அவர் காசு. தலைவாஸ் கோச்சுக்கு ஒரு சீசன் தவணை தரும் அதே ரசிகர், இவருக்கு ஒரு ரெய்டு தருவார். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கோச்சுக்கே பொறுமை மிகக் குறைவு.

புறனடை

பொறுமையை ரசிகரின் குணம் என்பர் சிலர். அது பொருந்தாது; ஏனெனில் ஒரே ரசிகர் இருவேறு கோச்சிடம் இருவேறு ஆளாக இருக்கிறார். சென்னை சூப்பர் கிங்ஸ் 2025இல் கடைசி இடம் பிடித்தது. 2009 முதல் கோச்சாக இருக்கும் ஃபிளெமிங்கிடம் ஐந்து கோப்பை இருந்ததால், "பாவம், அவுரு இன்னா பண்ணுவாரு" என்றார்கள். சென்னையின் எஃப்சிக்கு 2018இல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகரி, மறு சீசனில் கடைசி இடம் வந்து, 2019 நவம்பரில் விடைபெற்றார். ஆக, ஒரு கோப்பையின் ஆயுள் ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல். கோப்பையே இல்லாத தலைவாஸ் கோச் கடனாகப் பெறும் பொறுமையில்தான் காலம் தள்ளுகிறார்.

இவ்விதி அடுத்த சீசனுக்கும் பொருந்தும். பொருந்தாவிடின், மாற்ற வேண்டியது விதியை அன்று, கோச்சை என்க.